ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தேறிய குரூப் 4

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் சான்றிதழ் பதிவேற்றச் சொன்ன பட்டியலில் என் பதிவெண்ணும் வந்துவிட்டது. இரண்டாவது முயற்சி. பாடத்திட்டம், சமச்சீர் புத்தகம், பழைய வினாத்தாள் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2024-ல் எங்கே கோட்டைவிட்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். காதில்தான் விட்டேன்.

எங்கள் ஊர் குமாரபாளையம். வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. ராத்திரி பகல் என்று பாராமல் தறி ஓடும். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அது தூக்கத்தைக் கெடுக்காது. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் திடுக்கென்று விழிப்பு வரும். பத்தாவது, பன்னிரண்டாவது, பி.காம். என எல்லாவற்றையும் அதைக் கேட்டுக்கொண்டேதான் முடித்தேன். குரூப் 4-க்கு உட்கார்ந்த பிறகுதான் ‘இந்தச் சத்தத்தில் படிப்பு எப்படி ஏறும்’ என்று புதுக் கவலை வந்தது. கூடப் படித்த தோழி ஓர் ஒலிக்கோப்பு அனுப்பினாள். பைனாரல் பீட்ஸ், 40 ஹெர்ட்ஸ், காமா என்ற மூளை அலை, கவனம் கூர்மையாகும் என்று போட்டிருந்தது. மூன்று மணி நேரம் ஓடும். தேர்வுக்கென்றே அளந்து செய்த மாதிரி.

நான்கு மாதம் அதைப் போடாமல் புத்தகத்தைத் தொட்டதில்லை. முக்கியமாகக் கணக்குக்கு. அந்த ‘உம்ம்’ ஆரம்பித்ததும் தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.பொ.வ. எல்லாம் மளமளவென்று வரும். மூளையே பதமாகிவிட்டது என்று நம்பினேன்.

2024 ஜூன் 9. தேர்வு அறையில் அப்படியொரு அமைதி. முன் பெஞ்சுக்காரர் வினாத்தாளைப் புரட்டுவதுகூடக் கேட்டது. தலைக்கு மேல் ஃபேன், நாலு சுற்றுக்கு ஒரு ‘கிறீச்’. அடுத்த கிறீச் எப்போது என்றே மனசு காத்துக்கொண்டிருந்தது. கணக்குக்கு வந்ததும் வலது கை தானாகக் காதுக்குப் போனது. தனிவட்டியில் 8 ஆண்டில் இரட்டிப்பாகும் தொகை மாதிரியான கணக்கென்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 12½ சதவீதம் என்பேன். அன்றைக்கு அப்படி ஒன்றை நான்கு தடவை படித்தேன். விடைக்குறிப்பு வந்ததும் சரிபார்த்தால் கணக்கில் 25-க்கு 13.

தோற்ற கடுப்பில்தான் அந்த ஒலி என்ன சங்கதி என்று தேடிப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். ஒரு காதில் 200 ஹெர்ட்ஸ், மறு காதில் 210 ஹெர்ட்ஸ் கொடுத்தால், வெளியே எங்கேயும் இல்லாத 10 ஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்று உள்ளே கேட்கும். இரண்டு காதுச் செய்தியும் மூளைத்தண்டில் சுப்பீரியர் ஆலிவரி என்ற இடத்தில் சந்திப்பதால் வரும் விளைவு இது. ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிச் டோவ் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டது. ஜெரால்ட் ஆஸ்டர் 1973-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பெரிதாகப் பேசப்பட்டது. அவர் கணக்குப்படி அடிப்படை ஒலி 1000 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 30 ஹெர்ட்ஸ் வாக்கில் போனாலே துடிப்பு மறைந்து இரண்டு தனி ஒலியாகக் கேட்க ஆரம்பிக்கும். நான் கேட்டது 40.

அது போகட்டும். அம்மா கூப்பிட்டால் காதில் விழ வேண்டும் என்று நான் வலது காதில் மட்டுமே மாட்டியிருந்தேன். நான்கு மாதமும். அப்படியென்றால் எனக்குக் கேட்டது பைனாரலும் இல்லை, காமாவும் இல்லை. வெறும் ‘உம்ம்’. தோழியிடம் சொன்னேன், ஐந்து நிமிடம் சிரித்தாள். மளமளவென்று கணக்கு வந்தது நான் நூறு தடவை போட்ட பழக்கத்தில். அந்தப் பழக்கத்தோடு ஒலியையும் சேர்த்து முடிச்சுப் போட்டது நானேதான்.

அப்புறம் ஆய்வுகளையும் பார்த்தேன். மூளை அலைகள் இந்தத் துடிப்போடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த 14 ஆய்வுகளை 2023-ல் ஒரு தொகுப்பு அலசியது. ஆதரவாக 5, எதிராக 8, இரண்டுங்கெட்டான் 1. பதினான்குக்கு ஐந்து என்றால் 36 சதவீதம்கூட இல்லை. தமிழ்த் தகுதித் தாளுக்கே நமக்கு 40 வேண்டும்! அதே ஆண்டு போலந்து ஆய்வாளர்கள் 1,000 பேரை வைத்து, வீட்டிலேயே இதைக் கேட்டபடியும் கேட்காமலும் அறிவுத்திறன் வினாக்களுக்கு விடை எழுதவைத்தார்கள். இதைக் கேட்டவர்கள் செய்தது மோசமாகத்தான் இருந்தது. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2019-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு நினைவாற்றல், பதற்றம் போன்றவற்றில் நடுத்தரப் பலன் இருப்பதாகச் சொல்கிறது. தோழியும் இரண்டு காதிலும் மாட்டிப் படித்து 2024-லேயே தேறிவிட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் வீட்டுப் பக்கம் தறியும் இல்லை.

சும்மா ஒருநாள் கடிகாரத்தை வைத்துப் பக்கத்துத் தறியை எண்ணினேன். நிமிடத்துக்கு 130 அடி, அதாவது வினாடிக்கு இரண்டு சொச்சம். ஆழ்ந்த தூக்கத்துக்கான டெல்டா அலையும் அந்த அளவுதான். ஒலியைத் தந்தால் மூளை அப்படியே பின்னால் போகும் என்றால் நான் பத்தாவதைத் தூங்கியே பாஸ் செய்திருக்க வேண்டும்.

இந்தத் தடவை மாற்றியவை:

1. ஞாயிறு காலை 9.30 முதல் 12.30 வரை நூலகத்தில் முழு மாதிரித் தேர்வு. ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கறுப்புப் பேனாவால் வட்டம் நிரப்பியே எழுதுவேன். காதில் ஒன்றும் கிடையாது. 18 ஞாயிறு.
2. கணக்கை ஒரே இடத்தில் போடவில்லை. மாடிப்படி, பஸ் ஸ்டாண்டு, ஒருநாள் ரேஷன் கடை வரிசை.
3. வார்த்தை உள்ள பாட்டு படிக்கும்போது அறவே கூடாது. வரிசையாக நினைவில் வைக்க வேண்டியதைப் பேச்சுச் சத்தம் குலைக்கும்.
4. பைனாரல் பீட்ஸ் கேட்டே தீருவேன் என்பவர்கள் சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள், கடைசி இரண்டு மாதம் நிறுத்திவிடுங்கள்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது, அதனால் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

2025 ஜூலை 12 தேர்வில் தமிழ்ப் பகுதி படுத்திய பாட்டை எல்லோரும் புலம்பித் தீர்த்துவிட்டோம். எனக்குக் கைகொடுத்தது கணக்கு, 22. இந்தத் தடவையும் அமைதியான அறைதான். ஃபேன் கிறீச்சிட்டதா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை.

இன்னொன்று. தமிழ் வழியில் படித்ததற்கான சான்றைப் பள்ளியில் இன்னும் வாங்காதவர்கள் நாளைக்கே போய்விடுங்கள். ஒன்று முதல் பத்து வரை வேண்டும், தேர்வாணையம் சொன்ன படிவத்தில் வேண்டும். நான் இரண்டு பள்ளி மாறியவள், ஒரு கையெழுத்துக்கு மூன்று நாள் அலைந்தேன்.