மூத்த பிள்ளை: டாக்டர் வி நினைவாகச் சில நாட்குறிப்புகள்

7 ஜூலை 2024, ஞாயிறு

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி மறைந்து இன்றோடு 18 ஆண்டுகள் நிறைகின்றன. 2006-ஆம் ஆண்டு இதே தேதியில், தமது 87-ஆம் வயதில் அவர் காலமானார். உலகம் முழுவதும் அவரை ‘டாக்டர் வி’ என்றே அழைத்தார்கள். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் செய்த அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கையையும், அந்த மருத்துவமனை ஹார்வர்டு வரை பாடமாக வைக்கப்பட்ட கதையையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கோ, அவரை நினைத்தால் ஒரு வீட்டின் மூத்த பிள்ளைதான் முதலில் கண்முன் வருகிறார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இருந்தும், அவரைவிடப் பெரிய குடும்பஸ்தர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. அதைப் பற்றித்தான் வரும் வாரங்களில், நேரம் வாய்க்கும்போதெல்லாம் எழுத நினைக்கிறேன்.

11 ஜூலை 2024, வியாழன்

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில், கரிசல் மண்ணை நம்பி வாழ்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தில், 1918 அக்டோபர் 1 அன்று ஐந்து பிள்ளைகளில் மூத்தவராக அவர் பிறந்தார். பள்ளியில் தாளும் பென்சிலும் இல்லாமல், மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்த தலைமுறை அது. சிறு வயதிலேயே உறவுக்காரப் பெண்கள் மூவரைப் பிரசவ காலத்தில் அடுத்தடுத்துப் பறிகொடுத்ததைப் பார்த்தவர், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொண்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் படித்து, 1944-இல் மருத்துவரானார். அதற்குப் பின் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கே இருந்தபோதுதான் முடக்குவாதம் வந்தது. முப்பது வயதில் கைவிரல்கள் கோணி, மூட்டுகள் வீங்கி, நிற்கவும் நடக்கவும் முடியாமல் நீண்ட காலம் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். பேனாவைக்கூடப் பிடிக்க முடியாத கை. மகப்பேறு மருத்துவக் கனவு அத்துடன் முடிந்தது.

14 ஜூலை 2024, ஞாயிறு

அந்தக் கையைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்தவர் கண் மருத்துவத்துக்கு மாறி, 1951-இல் பட்டயம் பெற்று, அதன்பின் மேற்படிப்பையும் முடித்தார். கண் அறுவை என்பது மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் வேலை. கருவிழியின் ஓரத்தில் கீறி, புரை படர்ந்த வில்லையை வெளியே எடுத்து, கீறிய இடத்தில் தையல் போட வேண்டும். விரல் சற்றே நடுங்கினாலும் பார்வை போய்விடும். கோணிய விரல்களுக்குப் பொருந்தும்படி கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்க அந்த விரல்களை நாள்தோறும் பழக்கினார். அந்தக் கையால் ஒரே நாளில் நூறு கண்கள் வரை அறுவை செய்தார் என்றும், வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்குப் பார்வை தந்தார் என்றும் படிக்கும்போது, எத்தனையாவது முறை படித்தாலும் என் மனம் அந்த எண்ணிக்கையில் நிற்பதில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த விரல்களை மடக்கி நீட்டும்போது அவர் எவ்வளவு வலியைப் பொறுத்திருப்பார் என்ற நினைப்பிலேயே நின்றுவிடுகிறது.

28 ஜூலை 2024, ஞாயிறு

தந்தை மறைந்த பிறகு, குடும்பப் பொறுப்பு மூத்தவரான அவர்மேல் விழுந்தது. தம்பி தங்கைகளைப் படிக்கவைத்ததும் அவர்களுக்குத் திருமணம் செய்துவைத்ததும் அவர்தான். 1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்று வந்தார். 1960-களில் கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்களை நடத்தினார். 1973-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இத்தனைக்கும் நடுவே வீட்டுக் கடமையை அவர் ஒருபோதும் ஒத்திவைக்கவில்லை. கடைசித் தங்கை நாச்சியார் அவரைப் பின்பற்றிக் கண் மருத்துவர் ஆனார். அவருடைய கணவர் நம்பெருமாள்சாமி விழித்திரை மருத்துவத்தில் தேர்ந்தவர்.

1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 57. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் 11 படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். வங்கிக் கடன் கிடைக்காத நிலையில் வீட்டை அடமானம் வைத்தார்கள். குடும்பத்துப் பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். கட்டடப் பொறுப்பைத் தம்பி சீனிவாசன் பார்த்துக்கொண்டார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துக் கண் செவிலியராகப் பயிற்றும் பொறுப்பு நாச்சியாரிடம் வந்தது. அண்ணன் கேட்டார் என்பதற்காக ஒரு குடும்பமே தன்னிடம் இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தது என்றால், அதற்கு முன்பு அந்த அண்ணன் எத்தனை ஆண்டுகள் அவர்களுக்காக உழைத்திருக்க வேண்டும்!

3 ஆகஸ்ட் 2024, சனி

என் அப்பத்தாவைப் பற்றி இங்கே எழுதாமல் இருக்க முடியாது. 1980-களில், உசிலம்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அரவிந்த் முகாம் நடந்தது. இரண்டு கண்ணிலும் புரை முற்றி, சுவரைத் தடவித் தடவி நடந்துகொண்டிருந்த அப்பத்தாவை, “செலவு ஒண்ணும் இல்லை, சாப்பாடும் அவங்களே போடுவாங்க ஆத்தா” என்று சொல்லி என் அப்பா பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அறுவை முடிந்து, கண்ணில் கட்டோடு பாயில் படுத்திருந்தவர்களுக்கு நடுவே அவரைப் பார்க்கப் போனேன். வெள்ளைப் புடவை கட்டிய இளம் செவிலிப் பெண் ஒருத்தி எங்கள் ஊர்ப் பேச்சிலேயே, “தலையை ஆட்டக் கூடாது அப்பத்தா” என்று சொல்லிச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

அக்காலத்தில் வில்லையை முழுதாக எடுத்துவிடுவார்கள் என்பதால், சோடா பாட்டிலின் அடிப்பாகம் போலக் கனத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பத்தா வீடு திரும்பினார். வந்த மறுநாளே சொளகை எடுத்துத் திண்ணையில் வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டார். பொறுக்கிய கற்களைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டுவைத்து, போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினார்.

15 ஆகஸ்ட் 2024, வியாழன்

இன்று ஸ்ரீ அரவிந்தரின் பிறந்தநாள். டாக்டர் வி அவரைக் குருவாக வரித்துக்கொண்டவர். மருத்துவமனைக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான்.

அவருடைய பக்தியை நான் பார்ப்பது அறுவை அரங்கின் ஒழுங்கில். இரண்டு மேசைகளை அருகருகே போட்டு, ஒரு மேசையில் மருத்துவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் செவிலியர் அடுத்தவரைத் தயார்படுத்திவிடுவார்கள். மருத்துவரின் ஒரு நிமிடம்கூட வீணாகாது. ஊருக்கு ஊர் ஒரே தரத்தில், ஒரே முறையில், குறைந்த செலவில் சேவை தர முடியும் என்பதற்கு மெக்டொனால்ட்ஸ் உணவகங்களை அவர் எடுத்துக்காட்டாகச் சொல்வார். பணம் கட்ட முடிந்தவர்கள் தரும் கட்டணத்திலிருந்தே முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லையை அதிக விலை கொடுத்து வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்தபோது, 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்புக்கூடம் தொடங்கப்பட்டு, மதுரையிலேயே அந்த வில்லை மிகக் குறைந்த விலையில் செய்யப்பட்டது. ஏழைக்கு ஒரு வைத்தியம், பணக்காரருக்கு ஒரு வைத்தியம் என்று இருக்கக் கூடாது என்ற பிடிவாதம்தான் இதற்கெல்லாம் அடிப்படை என்பது என் எண்ணம்.

1 அக்டோபர் 2024, செவ்வாய்

இன்று அவருடைய பிறந்தநாள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் குடும்பத்தாரைக் குழந்தைகளோடு சேர்த்து உட்காரவைத்து, படித்ததையும் யோசித்ததையும் பேசச் சொல்வது அவர் வழக்கம். அடுத்த தலைமுறையினர் பலர் கண் மருத்துவர்களாகவும் நிர்வாகிகளாகவும் அதே மருத்துவமனையில் சேர்ந்ததற்கு அந்தக் காலைப் பொழுதுகளும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். வெளியே போனால் பல மடங்கு சம்பளம் கிடைக்கும் என்று தெரிந்தும் அவர்கள் நின்றார்கள். பெரியப்பாவோ மாமாவோ சொன்னார் என்பதற்காக மட்டும் ஒருவர் வாழ்நாள் முழுவதும் அப்படி நிற்க மாட்டார். சொன்னவர் தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் அந்த வீட்டிலேயே வாழ்ந்து காட்டியதைப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள்.

தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று அவர் காலத்திலேயே மருத்துவமனை விரிந்தது. என் அப்பாவுக்கும் இப்போது புரை. அடுத்த வாரம் மதுரை அண்ணா நகரில் உள்ள அரவிந்த் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். பணம் கட்டும் பிரிவிலேயே சேர்க்க வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.