கார்டு, ஹெட்போன், டைம்கோட்: சின்ன ஆவணப்படக் கம்பெனியில் இன்டர்ன் வேலை

ஆவணப்படம் எடுக்கும் சின்ன கம்பெனியில் நிரந்தரமாக இருப்பவர்கள் மூன்று நான்கு பேர்தான். இயக்குநரும் தயாரிப்பாளரும் பல இடங்களில் ஒரே ஆள். கேமராமேனும் ஒலிப்பதிவாளரும் ஷூட்டிங் நாட்களுக்கு மட்டும் வருவார்கள். எடுபிடி வேலை இருக்கத்தான் செய்யும். ஆனால் ஆள் குறைவு என்பதால், இரண்டாவது வாரத்திலேயே திரும்ப எடுக்கவே முடியாத ஃபுட்டேஜ், அதாவது எடுத்த காட்சிப் பதிவு, இன்டர்ன் கைக்கு வந்துவிடும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

சேரும் முன் சம்பளம், நேரம், டைட்டிலில் பெயர் வருமா என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பலர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: இப்போது கையில் இருக்கும் படம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? ஓர் ஆவணப்படம் முடிய வருடக்கணக்கில் ஆகலாம். மூன்று மாத இன்டர்னுக்கு அதில் ஒரு துண்டுதான் கிடைக்கும். ஷூட்டிங் கற்க ஆசைப்பட்டு, எடிட்டிங் நடக்கும் கம்பெனியில் சேர்ந்தால் கேமராவைத் தொடக்கூட வாய்ப்பு வராது.

முதலில் ஒப்படைக்கப்படுவது பெரும்பாலும் கார்டு காப்பி: கேமராவின் மெமரி கார்டில் பதிவானதை ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுப்பது. பார்க்கச் சுலபம், கெட்டால் மீட்சி இல்லை. கேமரா விநாடிக்கு 100 மெகாபிட்டில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஆளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 360 ஜிபி. விநாடிக்கு 120 மெகாபைட் எழுதும் சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு அதை நகலெடுக்கவே 50 நிமிடம் ஆகும், சரிபார்க்க இன்னும் கிட்டத்தட்ட அவ்வளவு. "ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டால் தூக்கம் போகும். தூக்கக் கலக்கத்தில்தான் தவறான கார்டு ஃபார்மேட் ஆகும்.

வீடியோ ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல், கார்டில் இருக்கும் ஃபோல்டர் அமைப்பை அப்படியே முழுதாக நகலெடுக்க வேண்டும். சில கேமராக்கள் நீளமான ஒரே ஷாட்டைப் பல ஃபைல்களாக உடைத்து எழுதும். அவற்றை ஒட்டும் தகவல் பக்கத்தில் இருக்கும் குட்டி ஃபைல்களில்தான் இருக்கிறது. அவை போனால் எடிட்டரிடம் ஷாட் துண்டு துண்டாக வந்து நிற்கும். நகலெடுக்க, செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்; அசலுக்கும் நகலுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்) பார்க்கும் மென்பொருளையே பயன்படுத்துங்கள். ஃபோல்டர் அளவு ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து நகல் சரி என்று நம்பக்கூடாது. இரண்டு தனித்தனி டிஸ்க்கில் ஏறி, இரண்டும் சரிபார்க்கப்பட்ட பிறகே அந்த கார்டு காலி. ஒரே டிஸ்க்கில் இரண்டு ஃபோல்டராகப் போட்டால் அது இரண்டு நகல் ஆகாது. இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில் பயணம் செய்யவும் கூடாது. நிறைந்த கார்டின் மேல் சிவப்பு டேப், காலி கார்டுக்குப் பச்சை என்று அடையாளம் வைத்துக்கொண்டால் நெரிசலில் கை தவறாது.

எடிட்டிங்குக்கு ப்ராக்ஸி (அசல் ஃபைலுக்குப் பதிலாக எடிட்டிங்கில் பயன்படும் சின்ன நகல்) செய்யச் சொன்னால், படத்தின் அளவைக் குறைக்கலாம். ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்), டைம்கோட் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா பதியும் நேர எண்), ஒலிச் சேனல்களின் எண்ணிக்கை, ஃபைல் பெயர் ஆகிய நான்கையும் தொடக்கூடாது. நான்கு சேனல் ஒலியை இரண்டாகச் சுருக்கிவிட்டால், அசல் ஃபைலோடு மறுபடி இணைக்கும்போது சிக்கும். அது மாதங்கள் கழித்துத் தெரியவரும், அப்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

ஷூட்டிங்கில் ஒலிப்பதிவாளர் இல்லாத நாட்களில் ஹெட்போன் உங்கள் தலைக்கு வரும். சட்டை மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் இறக்கிக் குத்துங்கள். பேசுபவர் கைவைத்துக் காட்டும் இடம், நகை, கரகரக்கும் துணி இவற்றுக்குத் தள்ளி. பேச்சின் உச்சம் ஒலி மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருந்தால் போதும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும், பிறகு யாராலும் ஒட்ட முடியாது. மீட்டர் ஆடுகிறதே என்று ஹெட்போனைக் கழற்றிவிடாதீர்கள். துணி உரசினாலும் மீட்டர் ஆடும். ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் அணைத்துவிடுங்கள். அணைத்த ஃபிரிட்ஜுக்குள் வண்டிச் சாவியைப் போட்டு வைப்பது பழைய தந்திரம்: மறுபடி ஆன் செய்யாமல் அந்த வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. பேட்டி முடிந்ததும் யாரும் அசையாமல் அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை மூட எடிட்டர் அதைத்தான் தேடுவார்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் உங்கள் தலையில் விழலாம். படிவத்தை நீட்டுவதற்கு முன் வாய்விட்டுப் படித்து விளக்குங்கள். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து வேண்டும். கையெழுத்திட்டவர் படிவத்தைப் பிடித்திருப்பதுபோல் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், ஐம்பது படிவம் சேர்ந்த பிறகும் எந்தப் பெயர் எந்த முகம் என்ற குழப்பம் வராது. இந்தப் போட்டோவோ ஷூட்டிங் இடத்துப் படமோ உங்கள் சமூக ஊடகப் பக்கத்துக்குப் போகவே கூடாது. பேசியவரின் பாதுகாப்பே அதில் அடங்கியிருக்கலாம்.

இனி, எல்லோரும் அலுத்துக்கொள்ளும் வேலை: பேட்டிகளை எழுத்தாக்குவது. ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டு எழுத நான்கு மணி நேரமாவது பிடிக்கும். தானியங்கி மென்பொருள் முதல் வரைவைத் தரும். ஆனால் பெயர், ஊர், எண், வட்டார வழக்கு நான்கிலும் அது தடுமாறும், அதுவும் தயக்கமே இல்லாமல். திருத்துவது கேட்டுத்தான், வாசித்து அல்ல. டைம்கோட் கேமரா பதிவு செய்ததாக இருக்க வேண்டும்; பிளேயரில் பூஜ்யத்திலிருந்து ஓடும் நேரத்தைக் குறித்தால் எடிட்டருக்கு உதவாது. பேசியவரின் இலக்கணத்தைச் சீர்செய்யாதீர்கள். எழுத்தை வைத்து வசனத்தை வெட்டிப் பார்ப்பவருக்கு, வாக்கியம் பாதியில் தொங்குகிறது என்பதும் தெரிய வேண்டும். நீண்ட மௌனம், குரல் உடைதல், ஒரு சொல்லின் மேல் விழுந்த ஹாரன் சத்தம் எல்லாவற்றையும் குறியுங்கள். இந்த வேலையைச் செய்தவருக்குத்தான் ஃபுட்டேஜ் இயக்குநரைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். எடிட் அறையில் "அந்த அம்மா கிணற்றைப் பற்றி எங்கே பேசினார்?" என்று கேள்வி வரும்போது பதில் சொல்பவருக்கு நாற்காலி கிடைக்கும்.

பழைய புகைப்படம், செய்திப்படம் தேடும் வேலை வந்தால் முதல் நாளிலேயே ஒரு அட்டவணை தொடங்குங்கள்: எங்கே கிடைத்தது, உரிமை யாருடையது, எந்தெந்த நாடுகளுக்கு, எத்தனை ஆண்டுக்கு, திரைப்பட விழாவுக்கா தொலைக்காட்சிக்கா இணையத்துக்கா, படத்தில் எத்தனை விநாடி வருகிறது. கட்டணம் பெரும்பாலும் விநாடிக் கணக்கில்தான், அதற்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை இருக்கும். "இணையத்தில் கிடைத்தது" என்று மூலத்தை எழுதினால் அந்த வரி வெற்று வரிதான்.

கிளம்பும் வாரத்தில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள். எந்த டிஸ்க்கில் எந்த ஷூட், அதன் நகல் எங்கே, எந்தப் பேட்டிக்கு எழுத்து வடிவம் பாக்கி, யாருடைய படிவம் இன்னும் வரவில்லை, யாருக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் காத்திருக்கிறது. பிறகு எடிட்டரை உட்காரவைத்து, நீங்கள் வாய் திறக்காமல், குறிப்பை மட்டும் பார்த்து மூன்று ஷாட்டுகளைத் தேடச் சொல்லுங்கள். எங்கே அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.