‘ஃபால்ஸ்’ என்று எழுதியும் அழிந்த கோப்புகள்

சில ஆண்டுகளுக்கு முன், பழைய பேக்கப் கோப்புகளைத் தேடிப் பட்டியலிடுவதற்காகப் பைத்தானில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். பட்டியல் மட்டும் போதுமா, கோப்புகளை அழிக்கவும் வேண்டுமா என்பதை ‘--டெலீட்’ என்ற ஆப்ஷன் தீர்மானிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எதற்கும் இருக்கட்டும் என்று ‘--டெலீட் ஃபால்ஸ்’ என வெளிப்படையாகவே எழுதி ஓட்டினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பட்டியல் வந்தது, பட்டியலில் இருந்த கோப்புகள் ஒன்றுகூட வட்டில் இல்லை. இன்னொரு படி வேறொரு வட்டில் இருந்ததால் தப்பினேன்.

தவறு முழுக்க என்னுடையது. கட்டளை வரி ஆப்ஷன்களைப் படித்துத் தரும் ஆர்க்பார்ஸ் என்ற பைத்தான் நூலகத்தில் அந்த ஆப்ஷனை அறிவிக்கும்போது, அதன் வகை ‘பூல்’ (ஆம்/இல்லை மதிப்பு) என்று குறித்திருந்தேன். ஆர்க்பார்ஸைப் பொறுத்தவரை ‘வகை’ என்பது ஒரு வகையின் பெயர் அன்று; கட்டளை வரியில் வந்த சரத்தை (எழுத்துகளின் தொடரை) வாங்கிக்கொண்டு வேறொரு மதிப்பைத் திருப்பித் தரும் ஏதேனும் ஒரு ஃபங்ஷன், அவ்வளவே. ‘பூல்’ ஃபங்ஷனிடம் ஒரு சரத்தைக் கொடுத்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அது படித்துப் பார்ப்பதில்லை. சரம் காலியாக இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே பார்க்கிறது. ‘ஃபால்ஸ்’ என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் காலியான சரம் அன்று. ஆகவே விடை ‘ட்ரூ’. ‘நோ’ என்று கொடுத்தாலும் ட்ரூ, ‘0’ என்று கொடுத்தாலும் ட்ரூ. வெற்று மேற்கோள் குறிகளைக் கொடுத்தால் மட்டுமே ஃபால்ஸ் கிடைக்கும். அப்படி எழுத யாருக்குத் தோன்றும்?

இதற்குச் சரியான வழி, மதிப்பே வாங்காத ஆப்ஷனாக அதை அறிவிப்பது: எழுதினால் ஆம், எழுதாவிட்டால் இல்லை. பைத்தான் 3.9 முதல், ‘--டெலீட்’, ‘--நோ-டெலீட்’ என்ற இரட்டையைத் தானே உருவாக்கித் தரும் வசதியும் ஆர்க்பார்ஸில் உண்டு. ஆனால் அந்த மாலைக்குப் பிறகு என் மனத்தில் தங்கியது வேறொன்று. கட்டளை வரியிலிருந்து வரும் மதிப்பை மாற்றும் வேலையில், ‘முடியாது’ என்று நிரல் கத்துகிற இடங்களால் பெரிய கேடில்லை. தவறான ஒன்றை அது சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிற இடங்கள்தாம் நம்மைக் கவிழ்க்கின்றன.

அடிப்படையிலிருந்து பார்த்தால் இது வியப்பில்லை. ‘--டேஸ் 30’ என்று நாம் தட்டும்போது, 30 என்ற எண் நிரலுக்குப் போவதே இல்லை. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கும் நிரலான ஷெல் அந்த வரியை இடைவெளிகளில் வெட்டி, மேற்கோள் குறிகளை உரித்து, சரங்களின் வரிசையாக, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் தருகிறது. கெர்னல் அதை அப்படியே புதிய நிரலிடம் ஒப்படைக்கிறது. லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு உரிய, அதன் விவரங்களைக் கெர்னல் காட்டும் ப்ராக் அடைவைத் திறந்து, கட்டளை வரி சேமிக்கப்பட்டிருக்கும் கோப்பை பைட் பைட்டாகப் பார்த்தால், அந்த 30 இருக்கும் இடத்தில் 51, 48, 0 என்ற மூன்று பைட்டுகளே தெரியும்: ‘3’ என்ற எழுத்தின் குறியீடு, ‘0’ என்ற எழுத்தின் குறியீடு, சரம் முடிந்தது என்பதற்கான சுழியம். 30ஐ மேற்கோளுக்குள் எழுதினாலும் இதே மூன்று பைட்டுகள்தாம். மேற்கோள் போட்டால் சரம், போடாவிட்டால் எண் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த வேறுபாடு ஷெல்லைத் தாண்டி உள்ளே வருவதே இல்லை.

சி மொழியில் இந்த மாற்றத்தை நாமே செய்தாக வேண்டும். ஆப்ஷன்களைப் பிரித்துத் தரும் ‘கெட்ஆப்ட்’ ஃபங்ஷன்கூட மதிப்பைச் சரமாகவே கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. பாடப்புத்தகத்தில் முதலில் கற்ற, சரத்தை எண்ணாக்கும் ‘ஏடூஐ’ இங்கே கைகொடுக்கும் என்று தோன்றும், கைகொடுக்காது. ‘30’ என்பதற்கு 30, ‘30எக்ஸ்’ என்பதற்கும் 30, எண்ணே இல்லாத ஒரு சொல்லுக்கு 0. பிழை நேர்ந்ததா என்று அறிய எந்த வழியும் அதில் இல்லை. ‘இத்தனை நாளுக்கு மேற்பட்ட கோப்புகளை அழி’ என்ற நிரலில், விரல் தவறி வந்த ஒரு சொல் 0 நாள் என்று பொருள்படுவதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே அதே வேலையைச் செய்து பிழையையும் அறியவிடும் ‘எஸ்டிஆர்டூஎல்’ என்ற ஃபங்ஷனுக்குப் போக வேண்டும். அதைச் சரியாகப் பயன்படுத்துவது ஒரு வரி வேலை அன்று. அழைப்பதற்கு முன், பிழை எண்ணைத் தாங்கும் ‘எர்நோ’வைச் சுழியமாக்க வேண்டும், ஏனெனில் அந்த ஃபங்ஷன் அதை ஒருபோதும் சுழியமாக்குவதில்லை, அழைத்த பின், ஓர் இலக்கமாவது படிக்கப்பட்டதா, சரத்தின் கடைசிவரை படிக்கப்பட்டதா, எண் வரம்பைத் தாண்டியதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும், அதன் பிறகும், கிடைத்த ‘லாங்’ மதிப்பு நமக்கு வேண்டிய ‘இன்ட்’ வரம்புக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவையும் எழுதி முடித்த பின், எதிர்மறை எண் வரக்கூடாது என்பதற்காக அதன் குறியற்ற வடிவமான ‘எஸ்டிஆர்டூயுஎல்’லைத் தேர்ந்தெடுத்தேன். ‘-1’ கொடுத்துப் பார்த்தேன். 64 பிட் லினக்ஸில் 18446744073709551615 என்று வந்தது, எந்தப் பிழையும் இன்றி. கழித்தல் குறியை அந்த ஃபங்ஷன் ஏற்றுக்கொண்டு, கிடைத்த எண்ணைக் குறியற்ற வகையிலேயே எதிர்மறையாக்குகிறது. மொழியின் தரநிலை அப்படித்தான் சொல்கிறது. எதிர்மறையைத் தடுக்கும் என்று நம்பிப் போட்ட வேலியே கதவாக இருந்தது.

முன்னால் நிற்கும் சுழியம் இன்னொரு கண்ணி. ‘010’ என்று ஒருவர் எழுதினால் அது பத்தா, எட்டா? பைத்தானின் ‘இன்ட்’ பத்து என்கிறது. சி மொழியில் அடிமானம் 0 (எண் முறையை முன்னொட்டைப் பார்த்து முடிவு செய்) என்று கொடுத்து எஸ்டிஆர்டூஎல்லை அழைத்தால், முன்சுழியத்தை, 0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டும் கொண்ட எண்ம முறையின் அடையாளமாகக் கொண்டு எட்டு என்கிறது. கோ மொழியின் ‘ஃப்ளாக்’ நூலகமும் எட்டு என்றே சொல்லும், ஏனெனில் உள்ளே அதுவும் அடிமானம் 0 என்றே மாற்றுகிறது. மாதங்களை 01, 02 என்று எழுதிப் பழகிய கை, கோ மொழியில் எழுதிய கருவிக்கு ‘08’ என்று கொடுத்தால், எண்ம முறையில் 8 என்ற இலக்கமே இல்லாததால் பிழை வரும். ‘07’ வரை ஒழுங்காக ஓடிய கருவி ஆகஸ்டில் திடீரென நின்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

எதிர்த்திசையிலும் இதே குழப்பம் உண்டு. எண்ம முறையில் எழுதப்படும் கோப்பின் அனுமதியை ‘--மோட் 755’ என்று வாங்கி, அதைச் சாதாரண ‘இன்ட்’டால் மாற்றினால், பதின்ம முறையில் 755 கிடைக்கும். அது எண்ம முறையில் 1363. அதாவது உரிமையாளருக்குப் படிக்கும் உரிமை இல்லை, எழுதவும் இயக்கவும் மட்டும் உண்டு; குழுவுக்குப் படிக்கவும் எழுதவும் முடியும்; ஊரார் அனைவருக்கும் எழுதும் உரிமை; போதாக்குறைக்கு, அடைவுகளில் பிறர் கோப்பை அழிப்பதைத் தடுக்கப் பயன்படும் ஸ்டிக்கி பிட் வேறு. அடிமானம் 8 என்று சொல்லி மாற்றும் இரண்டு வரி ஃபங்ஷன் ஒன்றை ஆப்ஷனின் வகையாகக் கொடுத்தால் தீர்ந்தது. அந்த ஃபங்ஷனுக்கு ஒரு நல்ல பெயரையும் வைக்க வேண்டும்: மாற்றம் தோற்கும்போது ஆர்க்பார்ஸ் அந்த ஃபங்ஷனின் பெயரையே பிழைச் செய்தியில் அச்சிடுகிறது. பெயரற்ற ஃபங்ஷனான லாம்டாவைக் கொடுத்தால், பாவம், பயன்படுத்துபவர் ‘செல்லாத லாம்டா மதிப்பு’ என்று படித்துவிட்டுத் திகைப்பார். சொந்தச் செய்தி வேண்டுமென்றால், அந்த ஃபங்ஷனுக்குள்ளிருந்து ‘ஆர்க்யுமென்ட்டைப்எரர்’ என்ற பிழையை எழுப்பினால், நாம் எழுதிய வாசகமே திரைக்குப் போகும். நிரலும் 2 என்ற, பிழையைக் காட்டும் வெளியேறு குறியீட்டுடன் நின்றுவிடும்.

தசம எண்களில் என் கண்ணில் தாமதமாகப் பட்டது ‘நேன்’, அதாவது ‘எண் அல்ல’ என்னும் மதிப்பு. பைத்தானின் ‘ஃப்ளோட்’ ஃபங்ஷன் ‘நேன்’, ‘இன்ஃப்’ (முடிவிலி) ஆகிய சொற்களையும் செல்லும் மதிப்புகளாக ஏற்கிறது. விழுக்காடு 0க்குக் குறைவாகவோ 100க்கு மேலாகவோ இருந்தால் நிராகரி என்று எழுதியிருந்தேன். நேனைக் குறைவா, மேலா என்று எதனுடன் ஒப்பிட்டாலும் விடை பொய் என்பதால், இரண்டு சோதனைகளையும் அது நழுவிக் கடந்தது. 0க்கும் 100க்கும் இடையில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள் என்று திருப்பி எழுதியதும் நின்றது.

அலகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘--டைம்அவுட் 30’ என்பது நொடியா, மில்லி நொடியா? ஆவணத்தைப் படித்தால் தெரியும் என்பது விடையாகாது, ஏனெனில் ஆறு மாதம் கழித்து நானே என் ஆவணத்தைப் படிப்பதில்லை. கோ மொழியின் ‘டியூரேஷன்’ வகையைக் கண்டபோது எனக்குப் பிடித்துப்போனது: ‘30எஸ்’, ‘1எச்30எம்’ என்று அலகோடு எழுதினால்தான் ஏற்கிறது, வெறும் 30 என்றால் மறுக்கிறது. அளவுகளில் நிலைமை இவ்வளவு சீராக இல்லை. தரவை நகலெடுக்கும் க்னூவின் ‘டிடி’ கட்டளையில் ‘1எம்’ என்றால் 1048576 பைட், ‘1எம்பி’ என்றால் 1000000 பைட். ஓர் எழுத்து கூடினால் அளவு குறைகிறது.

அலகோடு கூடிய வகைக்கு மாறும்போது நானே ஒரு பள்ளத்தில் விழுந்தேன். ‘--டேஸ்’ ஆப்ஷனின் மதிப்பை, கால இடைவெளியைக் குறிக்கும் ‘டைம்டெல்டா’வாக மாற்றும் ஃபங்ஷனை எழுதிச் சேர்த்தேன், ஆப்ஷன் தரப்படாதபோது பயன்பட வேண்டிய இயல்பு மதிப்பு மட்டும் பழையபடி 30 என்ற எண்ணாகவே இருந்தது. ஆர்க்பார்ஸ், இயல்பு மதிப்பு சரமாக இருந்தால் மட்டுமே அதை மாற்றும் ஃபங்ஷனுக்கு அனுப்புகிறது. வேறு எதுவாக இருந்தாலும் தொடாமல் விட்டுவிடுகிறது. நான் சோதித்தபோதெல்லாம் ‘--டேஸ்’ கொடுத்தே சோதித்ததால் எல்லாம் நன்றாக ஓடியது. யாரும் எதுவும் கொடுக்காமல் தானாக ஓடிய நள்ளிரவு ஓட்டத்தில்தான், தேதியிலிருந்து வெறும் எண்ணைக் கழிக்க முயன்று நிரல் விழுந்தது. இப்போது இயல்பு மதிப்புகளையும் ‘30’ என்று மேற்கோளுக்குள்தான் எழுதுகிறேன். அவையும் மற்ற மதிப்புகள் வரும் அதே வாசல் வழியாக வரட்டும்.

அந்த வாசல் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சரத்தை உள்ளே கொண்டுபோய், தேவைப்படும் இடத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், மூன்று மணி நேரம் ஓடிய பிறகு, பாதி வேலை முடிந்த நிலையில், ‘இது எண் இல்லை’ என்று நிரல் நிற்கும். அதே சமயம், வாசலில் மாற்றத்தைத் தவிர வேறு எதுவும் நடக்கக்கூடாது. ஆர்க்பார்ஸின் ‘ஃபைல்டைப்’ இந்த எல்லையை மீறியது: கோப்புப் பெயரை வாங்கியவுடனேயே கோப்பைத் திறந்துவிடும். எழுதுவதற்காகத் திறந்தால் பழைய உள்ளடக்கம் அக்கணமே போய்விடும். அடுத்த ஆப்ஷனில் பிழை இருந்து நிரல் நின்றாலும் போனது போனதுதான். பைத்தான் 3.14இல் அதைக் கைவிடப்பட்டதாக அறிவித்துவிட்டார்கள். பாதைப் பெயரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வேலை தொடங்கும்போது திறப்பதே நல்லது.

எதை ஏற்பது என்பதில் சில நேரம் மனம் இரண்டாகப் பிரிகிறது. பைத்தானின் ‘இன்ட்’, 3.6 முதல், இலக்கங்களுக்கு இடையே அடிக்கோட்டை அனுமதிக்கிறது. ஆகவே ஒரு லட்சத்தை ‘1_00_000’ என்று நம் வழக்கப்படியே பிரித்து எழுதலாம், ஆனால் ‘1,00,000’ செல்லாது. இன்னும் ஒரு படி மேலே போய், யூனிகோடில் பதின்ம இலக்கம் என்று வகைப்படுத்தப்பட்ட எந்த எழுத்தையும் அது இலக்கமாகவே படிக்கிறது. ‘--டேஸ் ௩௦’ என்று தமிழ் எண்களில் கொடுத்தேன். முப்பது நாள் என்று சரியாகப் புரிந்துகொண்டது. ‘--டேஸ் ௰’ என்று கொடுத்தேன்; மறுத்துவிட்டது. நம் பழைய முறையில் பத்துக்கு, நூறுக்கு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு, அவை இட மதிப்பு கொண்ட இலக்கங்கள் அல்ல என்பதால் யூனிகோடு அவற்றை வேறு வகையில் வைத்திருக்கிறது. இன்ட் அதை மதிக்கிறது. ௰ என்பதன் மதிப்பு பத்து என்று யூனிகோடுடேட்டா நூலகத்தின் ‘நியூமரிக்’ ஃபங்ஷனைக் கேட்டால் சொல்லும், ஆனால் அதற்காக ஒரு வாசலைத் திறக்க எனக்குத் துணிவில்லை. என் சோதனைக் கோப்பில் இப்போது இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன: ௩௦ ஏற்கப்பட வேண்டும், ௰ மறுக்கப்பட வேண்டும். அவற்றுக்கு மேலே, எல்லாவற்றுக்கும் முதல் வரியாக, ‘--டெலீட் ஃபால்ஸ்’ என்று கொடுத்தால் நிரல் 2 என்ற குறியீட்டுடன் நிற்க வேண்டும் என்பது இருக்கிறது.