பெரிய வெள்ளிக்குக் கறுப்பு

அம்மாவின் தையல் மிஷினில் ஊதாத் துணி கிடந்தால் ஒன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் அடங்கிய திருவருகைக் காலம் வருகிறது, இல்லையென்றால் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். கோவிலில் பீடத்துணிக்கும் சாமியார் உடைக்கும் காலத்துக்கு ஒரு நிறம். எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் காலண்டர் பார்ப்பதில்லை. களியக்காவிளைக்குப் பக்கம்தான் வீடு, கொஞ்ச தூரம் போனால் பாறசாலை, கேரளா. சுற்றி ரோமை முறையில் பூசை நடக்கும் எங்கள் லத்தீன் கோவில், சிரியன் முறையில் நடக்கும் மலங்கரை கோவில், சி.எஸ்.ஐ. சபை மூன்றும் உண்டு, அம்மா மூன்றுக்கும் பீடத்துணி தைத்துக் கொடுப்பார்.

2023 டிசம்பர் 24 மறக்காது. அந்த வருஷம் திருவருகைக் காலத்தின் நாலாம் ஞாயிறும் அன்றைக்கே வந்துவிட்டது, ஆக மொத்தம் 22 நாள்தான், அதைவிடக் குறைய வழியில்லை. காலையில் ஊதா, ராத்திரி கிறிஸ்துமஸ் பூசைக்கு வெள்ளை. பீடத்தை நான் மாற்றினேன், குடில் வேலை அவசரத்தில் வாசக மேடையை மறந்தே போனேன். உன்னதங்களிலே பாட்டுக்கு மணி எல்லாம் அடிக்கிறது, ஊதா அப்படியே தொங்குகிறது! முன்வரிசையிலிருந்து அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே, சரி, விடுங்கள்.

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்கு ரோஜா நிறம். மகிழ்ச்சி ஞாயிறு என்பதால் ஊதாவைக் கொஞ்சம் இளக்குகிறார்கள், தவக்காலத்திலும் நாலாம் ஞாயிறு இப்படி ஒன்று வரும். கடையில் ரோஜா என்று கேட்டால் பாப்பா கவுனுக்கான பளீர் பிங்க்கைத்தான் விரித்துப் போடுகிறார்கள். கட்டாயமில்லாத நிறம் என்பதால் பல கோவில்களில் ஊதாவோடு முடித்துக்கொள்வார்கள், எனக்கும் அதுதான் நிம்மதி.

கிறிஸ்துமஸ் காலம் முடிந்து பச்சை தொடங்கிய கையோடு எங்கள் பக்கத்தில் சிவப்பு வந்துவிடும். ஜனவரி 14, பொங்கல் நேரம், தேவசகாயம் திருநாள். நட்டாலத்துக்காரர், 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் விட்டவர், என்றால் ரத்தம், ரத்தம் என்றால் சிவப்பு. அப்புறம் மறுபடி பச்சை, பொதுக்காலம், வருஷத்தில் பாதிக்கு மேல் அதுதான்.

தவக்காலத்தில்தான் பக்கத்து வீட்டோடு கணக்கு இடிக்கும். நாங்கள் சாம்பல் புதனில் தொடங்குவோம், மலங்கரைக்காரர்கள் அதற்கு முந்தின திங்களே அம்பது நோம்பு பிடித்துவிடுவார்கள். நிறத்திலும் அவர்களுக்கு லத்தீன் முறை மாதிரிக் கறாரான பட்டியல் கிடையாது. நம்முடைய பட்டியலே ஆதியிலிருந்து இருந்ததல்ல, ரோமையில் எந்த நாளுக்கு எந்த நிறம் என்று 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதி வைத்தவர் பிற்பாடு மூன்றாம் இன்னொசென்ட் என்ற பெயரில் பாப்பரசரானவர். அதில் கறுப்பும் உண்டு.

அந்தக் கறுப்புதான் அம்மாவுக்குப் பிரச்சினை. 1954-இல் பிறந்தவர், சின்னப் பிள்ளையாக அவர் பார்த்த பெரிய வெள்ளியில் சாமியார் கறுப்பு உடையில் வருவார். 1970-இன் புதிய பூசைப் புத்தகம் அதைச் சிவப்பாக்கிவிட்டது. துக்கத்தை மட்டும் காட்டாமல், ரத்தம் சிந்தி வென்றதைக் காட்ட வேண்டும் என்பது அதன் கருத்து, எனக்கு அது சரியாகவே படுகிறது. சொல்லிப் பார்த்தேன்.

"செத்த வீட்டுக்கு ஆராவது செவப்பு உடுத்திட்டுப் போவினுமா மக்களே?"

கேட்டுக்கொண்டே சிவப்புச் சாட்டினுக்கு ஓரம் அடித்து முடித்தார், ஒரு சுருக்கம் கிடையாது. பெரிய வெள்ளியன்று அவர் உடுத்துவது மட்டும் இன்றைக்கும் அந்தப் பழைய கறுப்புச் சேலைதான்.