1500 என்று எழுதியிருந்தது

நைனா காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். நான் ராயபுரம் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தைச் சுற்ற விடுகிறவள்.

போன மாதம் பழைய சென்ட்ரிஃபியூஜ், அதாவது டியூபை வேகமாகச் சுழற்றி உள்ளே இருப்பதைப் பிரிக்கிற மெஷின், படுத்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்த சின்ன மெஷினை வாங்கி வந்தோம். வேலை வழக்கமானதுதான்: ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரிக்கணும். டியூபில் ஃபைகால் என்ற திரவம், அடர்த்தி 1.077. அதன் மேல் உப்புநீரில் கலந்த ரத்தத்தைக் கலங்காமல் விடவேண்டும். டியூபைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக. இதில் அவசரப்பட்டால் தொலைந்தது. எதிர்க்குழியில் வைக்கும் டியூபும் அதே எடை இருக்கணும். உயரம் ஒன்றாக இருந்தால் போதாது, தராசில் வைத்துப் பார்க்கணும்.

30 நிமிடம், பிரேக் இல்லாமல். தானாக நின்றபின் எடுத்தால் அடியில் சிவப்பணு, மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவில் ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு வெள்ளை வளையம். அந்த வளையத்துக்குத்தான் இவ்வளவு பாடும்.

அன்றைக்கு வளையமே சிவந்து கிடந்தது. ஃபைகால் முழுக்கச் சிவப்பணு, பாதி வழியில் நின்றுவிட்ட மாதிரி. நோட்டில் சீனியர் எழுதிய 1500 ஆர்பிஎம்தான் (நிமிடத்துக்கு 1500 சுற்று) வைத்திருந்தேன். ரத்தம் கொடுத்தவர் தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தவர். அவரிடம் மறுபடி கையை நீட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது நைனாவிடம் புலம்பினேன்.

"அதே சுத்துக்கு சின்ன புல்லி வேற, பெரிய புல்லி வேறம்மா. நோட்ல சைஸ் போடலியா?"

போடவில்லை. காலையில் ஸ்கேலை வைத்து அளந்தேன். டியூபைத் தாங்கிச் சுற்றுகிற ரோட்டரின் ஆரம் பழையதில் 16 செ.மீ., இதில் 9. டியூபில் இருப்பதை அடிக்குத் தள்ளும் விசைக்குக் கணக்கு இதுதான்: 0.00001118, பெருக்கல் செ.மீ. ஆரம், பெருக்கல் ஆர்பிஎம்மின் வர்க்கம். பழையதில் 1500 என்றால் புவியீர்ப்பைப் போல 400 மடங்கு, அதாவது 400 ஜி. சின்னதில் அதே 1500-க்கு 226தான். 400 வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 2000 வைக்கணும்.

2000 வைத்தேன். புகை வளையம் வந்தது. சீனியர் எழுதிய 1500-ஐ அடிக்க மனசு வரவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் '400 ஜி' என்று எழுதி, கீழே ஆரத்தையும் போட்டேன்.

"புல்லி சைஸ் எழுதினியா?" என்று நைனா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.