ரொசெட்டா இருக்கும்போதே பழைய பாட்டுகளை வேவ் ஆக்கிவிடுங்கள்

வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர்கள் பலர் இன்டெல் சிப் மேக்கை விட்டு ஆப்பிளின் சொந்த எம் சிப் மேக்குக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால், "எல்லா ப்ளகின்னும் ஓடுதே, அப்புறம் என்ன?" என்கிறார்கள். (ப்ளகின் என்பது இசை மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் வாத்தியமோ எஃபெக்ட்டோ.) ஓடுகிறதுதான். எதன் தயவில் ஓடுகிறது என்பதுதான் என் கவலை.

இன்டெல்லுக்காக எழுதிய ப்ளகின்களைப் புது சிப்பில் ஓடவைப்பது ரொசெட்டா 2 என்ற ஆப்பிளின் மொழிபெயர்ப்பு மென்பொருள். மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸின் 27-ஆம் பதிப்பு வரைதான் அதை முழுமையாகத் தருவோம் என்று ஆப்பிள் 2025 ஜூனிலேயே சொல்லிவிட்டது. 2019-இல் கேட்டலினா வந்தபோது பழைய 32 பிட் மென்பொருள்கள் ஒரேயடியாக ஓடாமல் போனது நமக்குத் தெரியும். அடுத்து இது.

ஆப்பிளின் இசைப்பதிவு மென்பொருளான லாஜிக் ப்ரோவில் இந்த ஆபத்து கண்ணுக்கே படாது. லாஜிக் புது சிப்புக்கான வடிவிலேயே ஓடும். இன்டெல் ஆடியோ யூனிட்டை (ஆப்பிளின் ப்ளகின் வடிவம்) மட்டும் தனியாக ரொசெட்டாவில் ஓட்டிக்கொள்ளும். விஎஸ்டி என்ற இன்னொரு ப்ளகின் வடிவத்துக்கு எல்லா மென்பொருளிலும் அந்த வசதி இல்லை. ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் பழைய ப்ளகின் வேண்டுமென்றால் மொத்த லைவையுமே ரொசெட்டாவில்தான் திறக்க வேண்டும்.

என்னிடம் ஒரு வீணை ப்ளகின் இருக்கிறது. செய்த நிறுவனம் மூடியாகிவிட்டது, இனி அப்டேட் வராது. "மிடியை எடுத்து வச்சுக்கோ, வேற வீணையில போட்டுக்கலாம்" என்றார் ஒரு நண்பர். மிடி என்பது ஒலி அல்ல, எந்தச் சுரத்தை எப்போது வாசித்தோம் என்ற குறிப்பு. பாடகர்களின் துணைக்குக் கீபோர்டு வாசிப்பவருக்கு அது போதும். கமகத்துக்குப் போதாது. கீபோர்டில் சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலைத் தள்ளித்தான் நான் கமகம் வாசிக்கிறேன். வீல் எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டும்தான் மிடியில் பதிவாகும். அந்த நகர்வு எத்தனை அரைச்சுரம் என்பதைப் பெரும்பாலும் ப்ளகின்தான் முடிவு செய்யும். என் வீணையில் அதை 12 என்று வைத்திருக்கிறேன்; பல ப்ளகின்களில் வழக்கமாக இருப்பது 2. ஷட்ஜத்திலிருந்து சுத்த மத்யமத்துக்கு ஏற வேண்டிய ஜாரு (வழுக்கிச் செல்லும் கமகம்), அங்கே ஓர் அரைச்சுரம்கூட முழுசாக ஏறாது. ராகமே போய்விடும். அளவைச் சரிசெய்தாலும், மீட்டு விழும் இடமும் நாதம் தேயும் விதமும் வேறு. அந்தக் கமகம் அந்த வீணைக்காக வாசித்தது.

அதனால் ஒவ்வொரு டிராக்கையும் 24 பிட் வேவ் ஒலிக்கோப்பாக எடுத்துவைக்கிறேன். எல்லாம் முதல் பாரிலிருந்தே தொடங்க வேண்டும். அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் ஒன்றோடொன்று பொருந்தும். ரிவெர்ப் (அறை முழக்கம்) சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. டெம்போவும் வீல் அளவும் கோப்பின் பெயரிலேயே இருக்கும். மிடியும் கூடவே இருக்கட்டும், நொடேஷன் எழுத உதவும்.

இதையெல்லாம் பழைய மேக்கை விற்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். சில ப்ளகின்களைப் புது கணினியில் போட்டால் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும். மூடிப்போன நிறுவனம் என்றால் அதற்குப் பதில் சொல்ல சர்வரே இருக்காது.