ஒரு கட்டம் குறைந்த பாலம்

ஜனவரி 6

பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தைப் போலவே கட்டி முடிப்பதில் எனக்கு ருசி இல்லை. என் மாதிரி ரயில் பாதைக்காக வந்திருப்பது ஹெச்ஓ அளவு (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) கிட், அதாவது பாகங்களை நாமே ஒட்டிச் சேர்க்கும் தொகுப்பு. ஒற்றைப் பாதைக்கான பிராட் வகை டிரஸ் பாலம், அதாவது இருபுறமும் சட்டங்களை முக்கோணங்களாகப் பின்னிய பாலம். சம நீளத்தில் ஆறு கட்டங்கள், நிஜத்தில் 150 அடி என்று கணக்கு, மாதிரியில் 52.5 செ.மீ. என் பள்ளத்தாக்கோ 44 செ.மீ.தான். மலையைக் குடைவதைவிடப் பாலத்தைக் குறைப்பது மேல். ஒரு கட்டம் போனால் 43.75 செ.மீ., கச்சிதம்.

ஜனவரி 9

ஆனால் எங்கே வெட்டினாலும் சரிதான் என்று விட முடியாது. பிராட் தந்தையும் மகனும் 1844இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில் செங்குத்துக் கால்கள் அழுத்தத்தைத் தாங்கும், சாய்வுக் கம்பிகள் இழுவையைத் தாங்கும். அதனால்தான் சாய்வுகள் இரு பக்கமிருந்தும் நடுவை நோக்கிக் கீழே இறங்குகின்றன. ஆறில் ஒன்றை எடுத்தால் மூன்றாவது கட்டம் நடுவாகிவிடும். அங்கே ஒற்றைச் சாய்வு நின்றால் பாலம் ஒருபக்கம் கோணிக்கொண்டதாகத் தெரியும். ரயில் நகர நகர நடுக் கட்டத்தில் விசையின் திசை மாறுவதால், நிஜப் பாலங்களில் அங்கே பெருக்கல் குறிபோல இரண்டு சாய்வுகள் இருக்கும். ஆகவே நான்காவது கட்டத்தை வெட்டி எடுத்து, மூன்றாவதில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் எதிர்ச்சாய்வு ஒன்று சேர்த்தேன். வெட்டி எடுத்த கட்டத்தின் ரிவெட் தகடுகளைப் பிளேடால் சீவியெடுத்து, ஒட்டுப்போட்ட இடத்தின் மேல் பதித்தாயிற்று. இனி யாரும் அந்த ஒட்டைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும்!

ஜனவரி 13

காற்றில் ஈரம். ப்ரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிக்கவில்லை.

ஜனவரி 15

கோத்த பிறகு பின்னல்களின் உட்புறத்துக்குத் தூரிகை போகாது. அதனால் வண்ணம் முதலில், ஒட்டுவது பிறகு. ஒட்டும் முனைகளில் மட்டும் வண்ணத்தைச் சுரண்டிவிட வேண்டும். திரவப் பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்குவது. வண்ணத்தின் மேல் அதற்கு வேலை இல்லை. தூரிகை நுனியால் இடுக்கைத் தொட்டதும் பசை தானே உள்ளே ஓடுகிறது. இதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை.

ஜனவரி 28

பாலத்தின் ஒரு முனை நிலையானது, வெப்பத்தில் நீள இடம் வேண்டும் என்பதால் மறுமுனை உருளைகளின் மேல். ஒரு கட்டம் போக மிஞ்சும் 125 அடி எஃகுப் பாலம் 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 18 மி.மீ. நீளும், மாதிரியில் அது கால் மி.மீட்டர்கூட இல்லை. ஆனாலும் உருளைப் பக்கம் பசை வைக்கவில்லை. வைத்தால் அது உருளையா என்ன?

பிப்ரவரி 4

துரு. பாலம் முழுக்க ஆரஞ்சு வண்ணத்தைப் பூசிவிட்டு அதைப் பழமை என்று சொல்வோருடன் எனக்கு ஒத்துப்போகாது. தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் துரு பிடிக்கும்: கீழ்ச்சட்டத்தின் மேற்பரப்பு, மூலைத் தகடுகளின் இடுக்கு, உருளைகளின் அடி. அங்கெல்லாம் பழுப்பு நிறமித் தூளைத் தொட்டு வைத்தேன். நீராவி இன்ஜின் ஓடும் பாதை என்பதால் மேல் குறுக்குச் சட்டங்களின் அடிப்பக்கம் புகைக்கரி.

பிப்ரவரி 9

இரண்டு தண்டவாளங்களுக்கும் உள்ளே காவல் தண்டவாளங்கள் போட்டேன். சக்கரம் தடம் புரண்டாலும் பெட்டி டிரஸில் மோதாமல் அவை பிடித்து நிறுத்தும். பாலத்துக்கு வெளியே அவற்றின் முனைகள் நடுவில் கூடும்படி வளைத்து அரத்தால் ராவவேண்டும். ஒரு பக்கம் முடிந்தது. என்னிடமுள்ள நீளமான பயணிகள் பெட்டியைக் கையால் தள்ளிப் பார்த்தேன். இருபுறமும் தாராளமாக இடம் இருக்கிறது. பாதை நேராக இருப்பதால் பிழைத்தது. வளைவில் இதே பெட்டியின் நடுப்பகுதி உட்புறம் சாய்ந்து டிரஸை உரசியிருக்கும்.